நூற்றேழில் ஓடிய மெஷின்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நேற்று மாலை பூங்கோதையின் கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் செய்து வேகம் ஏற்றினேன். இன்று காலை அதில் இருந்த ஒரு கல்யாணம் போய்விட்டது.

இந்த டைரியில் நான் மெஷின்களின் பழுதைத்தான் எழுதுவேன். என்ன மெஷின், என்ன கோளாறு, என்ன செய்தேன், சரியானதா இல்லையா. காந்திபுரத்தில் பதினாறு வருஷமாகப் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கிறேன். கம்பெனிகள் கழித்துக்கட்டுவதை மொத்தமாக எடுத்து, நல்லதைப் பொறுக்கி, புதிதாக ஒன்று கூட்டுவேன். எழுதி வைக்காதவன் ஒரே தப்பை இரண்டு முறை செய்வான். அதனால் இதையும் எழுதுகிறேன்.

மெஷின்: எங்கள் வீட்டு ஹாலில் இருப்பது. இரண்டு கோர் பட்ஜெட் பிராசசர். கிராபிக்ஸ் அதற்குள்ளேயே அடக்கம், தனி கார்டு கிடையாது. என் மனைவி பூங்கோதை இதில்தான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறாள். ஆடியில் முகூர்த்தம் இல்லை. ஆனியில் எடுத்ததையெல்லாம் ஆடியில் உட்கார்ந்து முடிப்பாள்.

கோளாறு: மெதுவாக ஓடுகிறது என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செய்தது: இந்த வகைப் பிராசசரைப் பூட்டித்தான் விற்பார்கள். வேகத்தை ஏற்றும் எண்ணை நாம் தொட முடியாது. தொட வேண்டுமென்றால் இரண்டு மடங்கு கொடுத்துப் பூட்டாததை வாங்கு என்பது கம்பெனிக்காரன் கணக்கு. ஆனால் போர்டுக்கு ஓர் அடிப்படைத் துடிப்பு உண்டு. அது நூறு மெகாஹெர்ட்ஸ். அதற்குப் பூட்டு இல்லை. அதை ஏற்றினால் பிராசசரும் கூடவே ஏறும். நூற்று மூன்று வரை பயமில்லை. அப்படி ஏற்றி எத்தனையோ மெஷின் விற்றிருக்கிறேன். திரையில் பெரிய எண்ணைப் பார்த்தால் வாங்குகிறவனுக்கு ஒரு திருப்தி. நேற்று ஆடிப் பதினெட்டு, தொட்டது பெருகும் நாள். நூற்றேழு வைத்தேன்.

அந்தத் துடிப்பில் பிராசசர் மட்டும் ஓடுவதில்லை. ஹார்டு டிஸ்க்குக்குப் போகிற வழியும் அதே தாளத்தில்தான் ஓடும். அதிகம் ஏற்றினால் டிஸ்க்கால் ஈடுகொடுக்க முடியாது, எழுதுவதைத் தப்பாக எழுதும். இது எனக்குத் தெரியும். கோதை எதையும் இரண்டு டிஸ்க்கில் வைப்பாள். இரண்டும் ஒரே போர்டில் மாட்டியவை.

காலையில் அவள் அந்தக் கல்யாணத்தைத் திறந்தபோது, பைல்களின் பெயர் இருந்த இடத்தில் கட்டம் கட்டமாக இருந்தது.

“ஏனுங்க, இதுல என்னங்க பண்ணுனீங்க?” என்றாள்.

கொஞ்சம் வேகம் ஏற்றினேன் என்றேன். அவள் கத்தவில்லை. மானிட்டரை அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த டம்ளர்களை மறுபடியும் கழுவினாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

இரண்டு டிஸ்க்கையும் கழற்றி ஜாபரிடம் கொடுத்தேன். உக்கடத்தில் டேட்டா மீட்டுக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறான், கைராசிக்காரன். எத்தனைக்கு ஏற்றினீர்கள் என்று கேட்டான். சொன்னேன்.

“என்னுங்ணா, புதுசா தொழிலுக்கு வந்தவன் பண்ற வேலைய நீங்க பண்ணிருக்கீங்க.”

அவசரத்தில் செய்தது என்றேன். அப்படி என்ன அவசரம் என்று கேட்டான். நான் வேறு பேச்சுக்கு மாறினேன்.

போன கல்யாணத்தின் விவரத்தையும் எழுதிவிடுகிறேன். கோபி பக்கம், கலாமணி என்கிற அம்மாவின் ஒரே மகள் கல்யாணம். பெண்ணின் அப்பாவுக்குச் சிறுநீரகம் போய் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். சக்கர நாற்காலியில் கொண்டுவந்து மண்டபத்தில் இருபது நிமிஷம் உட்கார வைத்திருக்கிறார்கள். மகளைத் தாரை வார்த்துக் கொடுத்துவிட்டுத் திரும்ப ஆஸ்பத்திரி. கல்யாணம் முடிந்து பன்னிரண்டாம் நாள் இறந்துவிட்டார். அந்த இருபது நிமிஷத்தை மட்டும் தனியாக வெட்டித் தரச் சொல்லி அந்த அம்மா கேட்டிருக்கிறது. கோதை தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

கேமராக் கார்டில் இருக்குமே என்று யாரானாலும் கேட்பார்கள். இருக்காது. ‘ஏத்தியாச்சு’ என்று எடிட் செய்கிறவர் சொன்ன மறுநாளே கேமராமேன் கார்டை அழித்து அடுத்த மண்டபத்துக்குக் கொண்டுபோய்விடுவான். இந்தத் தொழிலில் அந்த ஒரு வார்த்தைதான் ரசீது. கோதை ஜூலையிலேயே சொல்லிவிட்டாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கடையில் இரண்டு மானிட்டர், ஒரு பிரிண்டர் விற்றது. வீட்டில் சோறு மூடி வைத்திருந்தது. சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

மதியம் ஜாபர் கூப்பிட்டான். அறுநூற்றுச் சொச்சம் பைலில் நூற்று எழுபது வந்திருக்கிறது. பந்தி இருக்கிறது, நாதஸ்வரக்காரர்கள் இருக்கிறார்கள், மாப்பிள்ளை அழைப்பு அரைகுறையாக இருக்கிறது. அந்த இருபது நிமிஷம் இல்லை. அதில் நாலு நிமிஷத்துக்குச் சத்தம் மட்டும் கிடைத்திருக்கிறது, படம் கிடையாது.

கோதையிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, ஒரு வழியும் சொன்னேன். கேமராமேன் மயில்சாமியின் கார்டு பழசு, அதில்தான் கோளாறு என்று சொல்லிவிடலாம். கார்டு போவது ஊரில் நடக்கிறதுதான். யாரும் யாரையும் குறை சொல்ல மாட்டார்கள்.

“மயில்சாமி அண்ணனை இந்த ஆவணியில ஒருத்தரும் கூப்புட மாட்டாங்க,” என்றாள்.

ஒரு சீசன்தான், மறந்துவிடுவார்கள் என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பதினோரு வருஷமாகப் பார்க்கிற முகம்தான். ஆனால், விலை கேட்டுவிட்டுப் பொருளைத் திருப்பி வைக்கிற ஆள் பார்ப்பது போல இருந்தது.

“இதெல்லாம் எப்புடிங்க உங்களுக்கு இவ்ளோ சீக்கிரமா வாய்ல வருது?”

வியாபாரத்தில் வரும் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கோதை தனியாகப் பஸ் ஏறிக் கோபி போனாள். காரில் கொண்டுவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். நான் கடையைத் திறந்து, வந்தவர்களுக்கு விலை சொல்லி, ஒரு கீபோர்டை இரண்டு பேருக்கு விற்றிருக்கிறேன். இரண்டாவது ஆள் வந்து சண்டை போட்ட பிறகுதான் தெரிந்தது.

ஐந்து மணிக்கு வந்தாள். நானாகக் கேட்டதால் சொன்னாள்.

கலாமணியம்மா காபி கொடுத்திருக்கிறது. இவள் எதையும் மறைக்காமல், எங்கள் வீட்டு மெஷினில்தான் கோளாறு, எங்கள் தப்புதான் என்றிருக்கிறாள். அந்த அம்மா, சத்தமாச்சும் இருக்குதா கண்ணு என்று கேட்டிருக்கிறது. இவள் போனில் ஏற்றிக் கொண்டுபோயிருந்தாள். போட்டிருக்கிறாள்.

எனக்கும் போட்டுக் காட்டினாள். மேளம், ஐயர் சத்தம், யாரோ குழந்தையை அதட்டுகிறார்கள். நடுவில் ஒரு மனுசர் மூச்சு வாங்கி வாங்கிப் பேசுகிறார்: “கேமராக்காரத் தம்பி, கொஞ்சம் அக்கட்டால நவுந்துக்க சாமி. எம்புள்ளையப் பாக்கோணும்.”

அந்த அம்மா அந்த இடத்தை மட்டும் ஆறேழு தடவை போடச் சொல்லியிருக்கிறது. கிளம்பும்போது கோதையின் கையில் ஒரு பை நிறையத் தேங்காய் கொடுத்து அனுப்பியிருக்கிறது.

திட்டியிருந்தால் தேவலாம் என்றாள் கோதை. தேங்காயை நான் உரித்து வைத்தேன்.

ஆகஸ்ட் 10, சனி

இன்று நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பழுதின் மூலத்தை எழுதாமல் விட்டால் மேலே எழுதிய எதுவும் உதவாது.

மதியம் சாப்பிட வந்தேன். கோதை மெஷினின் பக்கப் பலகையைக் கழற்றித் தரையில் வைத்திருந்தாள். துடைக்கிறாள் என்று நினைத்தேன். உள்ளே எல்லா இடமும் தூசி. ராம் மாட்டும் இரண்டு ஸ்லாட்டில் ஒன்று மட்டும் தூசியில்லாமல் சுத்தமாக இருந்தது. அவள் அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இதுல இருந்தது எங்கீங்க?”

விற்றுவிட்டேன்.

“எப்போங்க?”

ஜூலை பதினான்கு. ஓர் ஆடிட்டர் ஆபீசுக்கு ஆறு மெஷின் அன்றைக்கே கொடுக்க வேண்டும், ஒரு ராம் குறைந்தது. கடையில் அந்த வகை இல்லை. வீட்டில் இருந்தது. வாரக் கடைசியில் வேறு வாங்கி மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். வாரம் போனது.

உள்ளடங்கிய கிராபிக்ஸுக்குச் சொந்தமாக நினைவகம் கிடையாது. ராமில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டுதான் படம் காட்டும். இரண்டு ராம் இருந்தால் இரண்டு வழியாகத் தரவு ஓடும். ஒன்றை எடுத்தால் பாதி வழி அடைபடும். ஆபீசில் கணக்கு எழுதுகிறவனுக்கு வித்தியாசமே தெரியாது. வீடியோ வெட்டுகிறவருக்கு முதல் நாளே தெரியும். கோதைக்குத் தெரிந்தது. மெதுவாயிருக்கிறது என்று அன்று மாலையே சொன்னாள். மெஷினுக்கு வயசாகிவிட்டது என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒருநாள், எனக்குத்தான் கை மெதுவாகிவிட்டதோ என்றுகூடக் கேட்டாள். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

ராம் வாங்கி மாட்டினால் எப்படித் திடீரென்று சரியானது என்று கேட்பாள். துடிப்பை ஏற்றினால் நான் பெரிய வித்தை செய்தது போல இருக்கும். அதனால்தான் நூற்றேழு. ஜாபர் கேட்ட அவசரம் இதுதான்.

இத்தனையும் அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, “போன வருஷம் என் மானிட்டருங்க?” என்றாள். ஆமாம், நல்ல மானிட்டரை எடுத்துவிட்டு மங்கலானதை வைத்தேன். அதற்கு முன்னால் மவுஸ். பவர் சப்ளை. எங்கள் கல்யாணத்துக்கு அவள் அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த லேப்டாப். என்னைப் போன்றவனுக்கு வீட்டில் இருப்பதும் சரக்குதான். குடோன் இரண்டு இடத்தில் இருக்கிறது, அவ்வளவே. ஒவ்வொன்றும் நல்ல விலைக்குப் போனது. எந்த ஒன்றிலும் நஷ்டம் இல்லை.

கடைசியில் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“கேட்டிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பனுங்க.”

ஆகஸ்ட் 12, திங்கள்

கோதை அன்னூரில் தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஒரு பெட்டி எடுத்துப் போனாள். மெஷினை எடுத்துப் போகவில்லை.

எதிர் வீட்டு அம்மா கேட்டதற்கு, ஆடிக்குப் போயிருக்கிறாள் என்றேன். பதினோரு வருஷம் கழித்து ஆடி அழைப்பா என்று அந்த அம்மா சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

கடைக்குப் போனேன். சாவியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்தேன். மறுபடி போகவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

லீவு. மெஷினை முழுவதும் பிரித்தேன். துடிப்பைப் பழையபடி நூறில் வைத்தேன். கடையில் இருந்ததிலேயே நல்ல ராம் இரண்டு, ஒரே ஜோடி. புது டிஸ்க். பவர் சப்ளை மாற்றினேன். மானிட்டரையும் மாற்றினேன்.

அளந்து பார்த்தேன். ஒரே வீடியோ, ஒரே வேலை. துடிப்பை நூற்றேழுக்கு ஏற்றியதில் கிடைத்திருக்கக்கூடியது நூற்றுக்கு ஆறு பங்கு. ராமைத் திருப்பி மாட்டியதில் கிடைப்பது முப்பது பங்கு. அந்த ஆறுக்காகத்தான் இத்தனையும்.

மெஷின் தயார் என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். ‘சரிங்க’ என்று வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அந்த ஒரு சொல்லைப் பத்துத் தடவை எடுத்துப் பார்த்திருப்பேன். சலுகை கேட்கிறவன் சொல்கிற சரியா, பேச்சை முடித்துக்கொண்டு கிளம்புகிறவன் சொல்கிற சரியா என்று எனக்குக் குரலில் தெரியும். எழுத்தில் தெரியவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. எதிர் வீட்டு அம்மா இப்போது கேட்பதில்லை.

மெஷினை முன் சீட்டில் வைத்து, பெல்ட் போட்டு, அன்னூர் போனேன். என் மச்சினன் தெய்வசிகாமணி வாசலில் டிராக்டர் கழுவிக்கொண்டிருந்தான். வாங்க மாமா என்றான், தண்ணீர் கொடுத்தான், வெயிலைப் பற்றிப் பேசினான், அக்கா உள்ளே இருக்கு என்று சொல்லிவிட்டு மறுபடி டிராக்டருக்கே போய்விட்டான். கோபமாக இருந்தால் சமாளித்திருப்பேன். மரியாதையாக இருந்தான்.

கோதை இளைத்திருந்தாள். மெஷினில் என்னென்ன மாற்றினேன் என்று வரிசையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். முழுவதையும் கேட்டாள், அவள் எப்போதும் அப்படித்தான்.

நல்லா இருக்குதுங்க, ஆனா எனக்கு வேண்டாம் என்றாள்.

“ஏன்? எல்லாம் நல்ல பொருள். சோதிச்சுத்தான் கொண்டாந்திருக்கேன்.”

“பொருளச் சொல்லலீங்க. இனிமே தினமும் மூடியத் தொறந்து பாத்துட்டுத்தான் நான் உக்காரோணும். எல்லாம் இருக்குதா, எதாச்சும் போயிருச்சான்னு. வேலை பண்றதா, காவல் இருக்கறதா?”

இனிமேல் எடுக்க மாட்டேன் என்றேன். சத்தியம் வேண்டுமானாலும் செய்கிறேன் என்றேன்.

“எடுக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க,” என்றாள். “ஆனா நான் தொறந்து பாப்பேன்.”

 

மெஷினைத் திரும்பக் கொண்டுவந்தேன். வரும் வழியில் பெல்ட் போட மறந்துவிட்டேன். கணேசபுரம் வளைவில் அது என் மேல் சாய்ந்தது. ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓட்டினேன்.

ஆகஸ்ட் 21, புதன்

மயில்சாமி கடைக்கு வந்தார். கோதை தன் தப்பு என்று கோபியில் சொன்னது அவர் காதுக்கு வந்திருக்கிறது. என் பேரைக் காப்பாத்திக் குடுத்துச்சுங்க அந்தப் புள்ளை என்றார். ஆவணியில் ஏழு கல்யாணம் ஒப்புக்கொண்டிருக்கிறாராம். ஏழையும் எடிட் செய்ய அவளிடமே கொடுக்கப்போகிறாராம். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். கார்டைப் பற்றி நான் போட்ட திட்டத்தை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதியாகிவிட்டது, போதும்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ஹாலில் அந்த மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் உட்காரவில்லை. அணைக்க மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

காலை பதினொரு மணிக்குக் கோதை கடைக்கு வந்தாள்.

நான் கல்லாவிலிருந்து எழுந்து நின்றேன். அவள் உள்ளே வராமல், வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் ஒரு தாள். தனி கிராபிக்ஸ் கார்டு, ஆறு கோர் பிராசசர், பதினாறு ஜி.பி. ராம் ஜோடியாக, டிஸ்க் இரண்டு. அது போக, மெஷினோடு ஒட்டாமல் வெளியே தனியாக வைக்கிற டிஸ்க் ஒன்று. எல்லாம் அவள் கையெழுத்தில், ஓர் அடித்தல் இல்லாமல் இருந்தது. நானே இதைவிடச் சரியாக எழுதியிருக்க மாட்டேன்.

வீட்டுக்குத்தானே என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

துடியலூரில் மாடியில் ஒரு ரூம் பார்த்திருக்கிறாள். அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. மயில்சாமி கொண்டுவரும் ஏழு கல்யாணத்தோடு அங்கே ஆரம்பிக்கிறாள். தம்பி பாதிப் பணம் போட்டிருக்கிறான், பாதி அவளுடையது. வேறு கடைக்குப் போகாமல் ஏன் இங்கே வந்தாள் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவளாகவே சொன்னாள்.

“ஊர்ல உங்களவுக்குப் பொருள் தெரிஞ்சவங்க இல்லீங்க. அது எப்பவும் தெரியுமுங்க எனக்கு.”

புதுப் பெட்டிகளை எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றையும் அவள் கண் முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்றாள். பிரித்தேன். ராம் பெட்டியைப் பிரித்து, இரண்டையும் மேஜையில் அவள் பக்கம் வைத்தேன். அவள் தாளைப் பார்த்துக்கொண்டாள். மாட்டிக் காட்டினேன். துடிப்பு நூறில் இருக்கிறதா என்று கேட்டாள். போர்டின் அமைப்புத் திரையான பயாஸைத் திறந்து காட்டினேன். எண்ணை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

நான் வாங்கிய விலையையே சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மற்றவர்களுக்கு என்ன விலையோ அதுதான் என்றாள். பேரம் என் பக்கம் இறங்கிக்கொண்டே போனது, அவள் பக்கம் ஏறிக்கொண்டே வந்தது. என் தொழிலில் இப்படி ஒரு பேரம் நடந்ததில்லை. பக்கத்துக் கடைக்காரன் நின்று வேடிக்கை பார்த்தான். கடைசியில் அவள் சொன்ன இடத்தில்தான் நின்றது.

பில் என்ன பேருக்கு என்று கேட்டேன். ரா. பூங்கோதை என்றாள். அவள் அப்பா ராமசாமி. நான் எழுதினேன்.

விலை எழுபத்தொரு ஆயிரத்து இருநூறு, தள்ளுபடி கிடையாது, முழுப் பணமும் கையில் கொடுத்துவிட்டாள். ஜாபர் கொண்டுபோய் மாட்டித் தருவான். மூன்று வருஷ வாரண்டி. பழுது வந்தால் மெஷினைக் கடைக்கு அனுப்புவாள். நான் அங்கே போகக் கூடாது.